புழுவெட்டும் தாய்மாமன் மடியும்

நம் தலையின் பின்பக்கம் நமக்குத் தெரியாது, அடுத்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்குப் புழுவெட்டு வந்ததும் அப்படித்தான் தெரிந்தது. விருத்தாசலத்தில் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் கடையில், ஓடிக்கொண்டிருந்த கத்தரி சட்டென்று நின்றது.

"அண்ணே, பின்னால ஒரு ரூபா காசு அளவுக்கு முடியே இல்ல. புழுவெட்டு மாரி இருக்குது. வூட்ல யாரும் சொல்லலியா?"

காத்திருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். எதிர்க் கண்ணாடியில் அவர்களுடைய முகங்கள் எனக்குத் தெரிந்தன. கடைக்காரர் அதுவரை வாரிக்கொண்டிருந்த சீப்பைத் தனியாக ஓரத்தில் வைத்துவிட்டு வேறு சீப்பை எடுத்தார். அவர் மேல் தப்பில்லை, அது அவருடைய தொழில். ஆனால் அந்தச் சீப்பு தனியாகக் கிடந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

நான் ஐந்தாவது வரை படித்தவன். இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் பளபளப்புக்காகக் கிளேஸ் பூசும் வேலை செய்கிறேன். ஒருமுறை சுட்டு எடுத்த விளக்கையும் பொம்மையையும் பியூஸ் கட்டையையும் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்து, மறுபடி சூளைக்கு அனுப்புவது என் வேலை. நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. இந்த நோயைப் பற்றி யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு திரிந்தேன். அப்படித் திரிகிறவர்கள் வேறு யாராவது இருந்தால் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் தலையணையைத் தனியாகப் போட்டேன். ஒரு சீப்பு வாங்கி வந்து அலமாரியில் தனியாக வைத்தேன். என் மனைவி செல்வி அதைப் பார்த்தாள். மறுநாள் காலையில் அந்தப் புதுச் சீப்பாலேயே தன் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

"அது என்னுது" என்றேன்.

"உன்னுதுன்னு எழுதியா வச்சிருக்குது? பல்லு நல்லா இருக்குது, வாருறேன்" என்றாள்.

அவளுக்கு முடி அடர்த்தி. கொண்டை போட்டால் கைக்குள் அடங்காது. அந்த முடிக்கு என்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

பூண்டை அரைத்துத் தேய்த்தோம். சின்ன வெங்காயத்தை நசுக்கித் தேய்த்தோம். எரிச்சல் வந்ததே தவிர முடி வரவில்லை. பின்னால் ஒன்றாக இருந்தது மூன்றானது. பிறகு ஒருநாள் முகம் கழுவும்போது மீசையின் இடது பக்கத்தில் கையை வைத்தேன், கை வழுக்கியது.

இந்த நேரத்தில்தான் பெண்ணாடத்திலிருந்து என் தங்கை மல்லிகா போன் செய்தாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பெயர் யாழினி. எங்கள் அம்மாவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயேதான் இருந்தது.

"அண்ணே, தை பொறந்ததும் பாப்பாவுக்கு மொட்ட அடிச்சுக் காது குத்தலாம்னு இருக்கோம். நீ வெள்ளையுஞ் சொள்ளையுமா வந்து உக்காரணும். சொல்லிட்டேன்."

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை அடிப்பது, காது குத்துவது எல்லாம். எனக்கும் செல்விக்கும் குழந்தை இல்லை. ஊர் பார்க்க ஒரு குழந்தை உரிமையோடு என் மடியில் உட்காரப் போவது அந்த ஒரு நாள்தான். "சரிம்மா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்ததும் கை மீசைக்குப் போனது.

விருத்தாசலத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வெளியூரிலிருந்து வரும் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் செல்வி என்னை இழுத்துக்கொண்டு போனாள். முனையில் வெளிச்சம் எரியும் சின்ன பூதக்கண்ணாடியைத் தலையில் வைத்துப் பார்த்தார். ஓரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி, படையா என்று தெரிந்துகொள்ளச் சோதனைக்கு அனுப்பினார். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தம் எடுத்தார்கள். படை இல்லை, தைராய்டு சரி, சர்க்கரையும் இல்லை.

"பேருதான் புழுவெட்டு. புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது. நம்ம உடம்புல நோய எதிர்க்குறதுக்குன்னு ஒரு காவல் இருக்குல்ல, அது ஆள் தெரியாம நம்ம முடி வேரையே அடிக்குது. வேர் சாகல, தூங்குது. அதனால முடி திரும்ப வர வாய்ப்பு இருக்கு."

"ஒட்டிக்குமாங்க?" என்று கேட்டது செல்விதான்.

"ஒட்டாது. ஒரே சீப்பு, ஒரே தலையணை, எதுலயும் ஒட்டாது."

செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வைத்தியம் இரண்டு வகை என்றார் டாக்டரம்மா. ஒன்று மேலே தடவுவது. ஸ்டீராய்டு சேர்ந்த லோஷன், அதோடு வேரைத் தூண்டிவிட இன்னொரு தண்ணீர் மருந்து. வலி கிடையாது, வீட்டிலேயே தடவலாம், இடம் பெரிதாக இருந்தாலும் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் தடவலாம். ஆனால் மருந்து தோலைத் தாண்டி வேர் வரைக்கும் இறங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அளவுக்கு மேல் தடவினால் தோல் மெலிந்துபோகும். இன்னொன்று ஊசி. அதே வகை மருந்தைத் தோலுக்குள், வேருக்குப் பக்கத்திலேயே துளித்துளியாகப் போடுவது. நாலைந்து சின்ன வட்டங்கள் மட்டும் இருக்கிறவர்களுக்கு இதில் பலன் சீக்கிரம் தெரியும். வலிக்கும், மாதம் ஒருமுறை போல் வர வேண்டும், சில இடத்தில் தோல் குழி விழலாம். எதைப் போட்டாலும் புது இடத்தில் வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

நான் லோஷன் என்றேன். ஊசிக்குப் பயந்தது பாதிதான். வீட்டுக்குள் தடவிக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்ததுதான் உண்மையான காரணம்.

செல்வி தினமும் பஞ்சில் தொட்டுத் தடவிவிட்டாள். ஒரு மாதம் ஆனது. ஒன்றுமில்லை. அந்த இடம் நன்றாகத் துடைத்த பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு அந்தப் புத்தி போனது.

எங்கள் வேலையில், சுட்ட சாமான் எங்காவது வழவழப்பாகவோ எண்ணெய்ப் பிசுக்காகவோ இருந்தால் கிளேஸ் பிடிக்காது. சூளையில் அந்த இடம் மட்டும் கிளேஸ் சுருண்டு திட்டாக விட்டுப்போகும். அதனால் முக்குவதற்கு முன்னால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவோம். அப்புறம் கிளேஸ் கப்பென்று பிடிக்கும். என் தலையும் அப்படித்தான் வழவழத்துப் போயிருக்கிறது, அதனால்தான் மருந்து பிடிக்கவில்லை என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். கம்பெனியிலிருந்து ஒரு துண்டு நைஸ் உப்புத்தாளைக் கொண்டுவந்து, செல்வி இல்லாத நேரத்தில் மூன்று இடத்திலும் தேய்த்தேன். எரிந்தது. எரிந்தால் மருந்து இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். நாலைந்து நாள் இப்படிச் செய்தேன்.

அப்புறம் அங்கே நீர் கோத்தது. பிறகு சீழ் வைத்தது. தலையணை உறையில் மஞ்சளாக ஒட்டியிருந்ததைப் பார்த்துச் செல்வி என் தலையைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னய்யா பண்ண?"

சொன்னேன். அவள் பஞ்சை எடுத்து வந்து சீழைத் துடைத்தாள். பிறகு, "நீ என்ன அகல்வெளக்கா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

டாக்டரம்மா திட்டியதை முழுதாக எழுத முடியாது. "தோல் மேல காயம் பட்டா மருந்து இறங்குற அளவே மாறிடும்ங்க. இனிமே புண்ணு ஆறுற வரைக்கும் லோஷனும் கிடையாது, ஊசியும் கிடையாது" என்றார். கிருமிக்கு மாத்திரை கொடுத்தார். மீசையிலும் பரவியிருப்பதால், புண் ஆறியதும் புதுச்சேரியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்தார்.

புண் ஆறும்வரை காத்திருந்த நாட்கள்தான் இருப்பதிலேயே மோசமானவை. ஒரு மருந்தும் இல்லாமல், தை மாதம் நெருங்கி வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் தலையணையைத்தான் முதலில் பார்ப்பேன். முடி கிடந்தால் அன்று முழுக்க வேலையில் கை ஓடாது. பேசாமல் எங்காவது போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். எங்கே போனாலும் தலையும் கூடவே வருமே.

புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது என்னை முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டுச் செல்வி எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தும் பின்னால் போனாள். ஆஸ்பத்திரி வரிசையிலும் என் முதுகை ஒட்டித்தான் நின்றாள். துண்டு நழுவினாலும் பின்தலையைப் பார்க்கிறவர் அவளைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். நான் கேட்காமலே இதைச் செய்தாள். நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

காத்திருக்கும் இடத்தில் திட்டக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேலை முந்தானையால் தலையைப் போர்த்தியிருந்தார். "மொத தடவையா?" என்று அவராகவே கேட்டார். நான் தலையாட்டினேன்.

"எனக்குப் பாதித் தலை போயிட்டுதுங்க. அவ்ளோ இடத்துல ஊசி போட முடியாதுன்னுட்டாங்க. தடவுறதுதான். ஆறு மாசமாச்சு, இப்பத்தான் பூனமுடி மாரி வருது" என்று முந்தானையைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார்.

தடவுகிற மருந்தில் முடி வந்ததை அங்கேதான் முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். அவர் சொன்னபடி தடவியிருக்கிறார், சொன்ன காலம் காத்திருக்கிறார். நான் இரண்டையும் செய்யவில்லை. லோஷனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று அன்று தெரிந்தது.

ஊசி மிகச் சின்னதுதான், சர்க்கரைக்காரர்கள் போட்டுக்கொள்வது போல மெல்லியது. ஆனால் ஒன்றோடு முடிவதில்லை. ஒரு வட்டத்துக்குள் விரல் அகலம் விட்டு விட்டுக் குத்துகிறார்கள். ஒவ்வொரு குத்துக்கும் தோல் ஒரு மிளகு அளவு உப்புகிறது. தலையிலாவது பல்லைக் கடித்துக்கொள்ளலாம். மீசைக்கு மருந்தை இன்னும் நீர்க்கக் கலந்துதான் போட்டார்கள், ஆனாலும் மேலுதட்டில் குத்தும்போது கண்ணில் தானாகத் தண்ணீர் கொட்டியது. சின்ன வயது டாக்டர், "அழுறீங்களா சார்?" என்றார். "தண்ணிதான் வருதுங்க" என்றேன். "எல்லாரும் அதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

பாதி மீசையோடு இவ்வளவு தூரம் வர வெட்கப்பட்டு, அன்று காலையில்தான் மீசையை முழுதாக மழித்திருந்தேன். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

எங்கள் பக்கம் என் வயதுக்காரன் திடீரென்று மீசையை எடுத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெற்றவர்களில் யாரோ போய்விட்டார்கள். ஊசி போட்டுத் திரும்பி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, கூட வேலை செய்யும் இரண்டு பேர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்திருக்கிறார்கள். மழித்த முகம், தலையில் துண்டு, பின்னால் முகம் வாடிய மனைவி. இரண்டு நாள் லீவு வேறு. அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது என்பதும், அம்மா பெண்ணாடத்தில் இருப்பதும் அவர்களுக்குத் தெரியும். துக்கத்தில் இருப்பவனை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்கக் கூடாது என்று, மறுநாள் காலை நேராகப் பெண்ணாடத்துக்கே துக்கம் விசாரிக்கப் போய்விட்டார்கள்.

வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது என் அம்மா.

"வாங்கப்பா. மவன் அனுப்பிச்சானா?" என்று கேட்டிருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார்கள். ஒருவர் உளறிவிட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்ததாம். "நான் இன்னும் இட்டிலிகூடத் திங்கலப்பா, அதுக்குள்ள அனுப்பிட்டீங்களா" என்றதாம்.

ஆனால் மல்லிகாவின் மாமியார் சிரிக்கவில்லை. அன்று மாலையே போன் வந்தது.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நல்ல காரியம் வச்சிருக்கும்போது வூடு தேடி எழவு கேக்க வந்துட்டாங்க. எனக்கு மனசே சரியில்ல. நீங்க எதுக்கு மீசய எடுத்தீங்கன்னு மல்லிகாகிட்ட கேட்டேன். செல்விகிட்ட போன்ல கேட்டுட்டு புழுவெட்டுங்குறா. பச்சப் புள்ளயோட மொட்டத் தல உங்க மேல படும். நாளைக்கு அது பொட்டப்புள்ள, முடி இல்லன்னா யாரு கேப்பா? உங்க பெரியப்பா மவன் இருக்காருல்ல, அவரு மடியில வச்சுக்குவோம். நீங்க வந்து நின்னு ஆசீர்வாதம் பண்ணுங்க, போதும்."

ஒட்டாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். "சரிங்க அத்தை" என்றேன். செல்வி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அடுத்த மாதமும் ஊசிக்குப் போனேன், அதற்கடுத்த மாதமும் போனேன். இரண்டாம் ஊசிக்குப் பிறகு செல்வி ஒருநாள் கத்தினாள், "வந்துருக்குதுய்யா!" என் விரலைப் பிடித்து அங்கே வைத்தாள். முள்ளு முள்ளாக இருந்தது. எல்லாம் வெள்ளை. முதலில் வெள்ளையாகத்தான் வரும், பிறகு கறுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஒரு வட்டத்தில் முடி வந்தது, ஆனால் விரல் நுனி உட்காரும் அளவுக்குக் குழியும் விழுந்தது. இன்னொரு வட்டம் அசையவே இல்லை. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே காதுக்கு மேலே புதிதாக ஒன்று திறந்தது. அதைப் பார்த்த அன்று நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லை. குத்தின வலியெல்லாம் வீண் என்று தோன்றியது. செல்வி டீ வாங்கி வந்து கையில் திணித்தாள். அது ஆறி ஏடு கட்டும்வரை அப்படியே வைத்திருந்தேன்.

தை பிறந்தது. பெண்ணாடத்துக்கு வெளியே உள்ள முருகன் கோயிலில் காதுகுத்து. நான் வரவில்லை என்றேன். "வராம இருந்தா இனிமே உனக்கு எந்த நல்லதும் இல்லன்னு நீயே ஒத்துக்குற மாரி" என்றாள் செல்வி. துண்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கோயில் மரத்தடியில் மணை போட்டிருந்தார்கள். பெரியப்பா மகன் பட்டு வேட்டியில் நின்றிருந்தான். அவனுக்கும் சங்கடம்தான், என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை மல்லிகாவின் தோளில் இருந்தது. மல்லிகாவின் கண் சிவந்திருந்தது. மொட்டை அடிப்பவர் கத்தியைக் கழுவி, புது பிளேடு மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"தாய்மாமன் யாருங்க? வந்து உக்காருங்க."

அவர் வழக்கமாகக் கேட்பதுதான். பெரியப்பா மகன் ஒரு அடி எடுத்து வைத்தான். அத்தனை பேர் இருந்தும் அந்தக் கேள்வி என்னை மட்டும் கேட்டது போல் இருந்தது.

"நான்தாங்க" என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். துண்டை அவிழ்த்தேன். வெயிலில் எல்லா வட்டமும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். மணையில் போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, சொன்னேன்ல..." என்று மல்லிகாவின் மாமியார் முன்னால் வந்தார்.

"ஒட்டாதுங்க அத்தை" என்றேன். அதற்கு மேல் சொல்ல எவ்வளவோ இருந்தது. மணையை விட்டு மட்டும் எழவில்லை.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து செல்வி முன்னால் வந்தாள். அந்த அம்மாவுக்கு எதிரில் நின்று கொண்டையை அவிழ்த்து உதறினாள். முடி இடுப்பைத் தாண்டி விழுந்தது.

"ஆடி மாசத்துலேருந்து எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சீப்பு. ஒரே தலவாணி. இழுத்துப் பாருங்க. கையோட வருதான்னு இழுத்துப் பாருங்கத்தை."

அந்த அம்மா இழுக்கவில்லை. கோயில் வாசலில் ஒரு பெண் தலையை விரித்துப்போட்டு நிற்பதைப் பார்த்து, "அய்ய, மொதல்ல முடிஞ்சுக்கம்மா" என்றார். அந்த இடைவெளியில் மல்லிகா குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டாள். அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து, "சட்டுபுட்டுன்னு ஆரம்பிங்கப்பா, நல்ல நேரம் போவுது. நானே செத்துப் பொழச்சு வந்துருக்கேன்" என்றது. நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.

மொட்டை அடிக்கும்வரை குழந்தை சும்மா இருந்தது. காது குத்த வந்த பத்தர் ஊசியை வைத்ததும் வீறிட்டது. திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல் அதன் உள்ளங்கை என் காதுக்கு மேலே, புதிதாகத் திறந்த அந்த வட்டத்தில் வந்து அழுந்தியது. மாமியார் அந்தக் கையை எடுக்கத் தன் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தினார். பிறகு அதே கையால் ஒரு கற்கண்டை எடுத்துக் குழந்தையின் வாயில் வைத்தார்.

எனக்கு இன்னும் முழுதாகக் குணமாகவில்லை. மீசை வந்துவிட்டது, இடது பக்கம் மட்டும் வெள்ளை. பழைய இடங்களுக்கு ஊசியை நிறுத்தி இப்போது லோஷன் கொடுத்திருக்கிறார்கள். புது இடத்துக்கு ஊசி. எது நல்லது என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. இடம் எவ்வளவு, காலம் எவ்வளவு பொறுக்க முடியும் என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். உப்புத்தாளை மட்டும் எடுக்காதீர்கள்.

போன முறை புதுச்சேரி பஸ்ஸில் ஏறியதும் செல்வி வழக்கம்போல் பின் சீட்டுக்குப் போனாள். நான் துண்டு கொண்டுவரவில்லை.

"இங்க வா, பக்கத்துல உக்காரு" என்றேன்.

"பின்னால யாராவது பாப்பாங்கய்யா."

"பாத்தா பாக்கட்டும்."

வந்து உட்கார்ந்தாள். நெய்வேலி தாண்டும்வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அப்புறம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.